திரைக்கு அந்தப் பக்கம் யார்? ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு இணையவழிப் பயிற்சி

குழந்தைக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும் பெற்றோர் கேட்கிற முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: “தெரபிக்கு விடாம கூட்டிட்டு வாங்க. வீட்லயும் பண்ணுங்க.” வீட்டில் எதைப் பண்ணுவது, எப்படிப் பண்ணுவது என்று தரையில் உட்கார்ந்து செய்து காட்டுகிறவர்கள் குறைவு. ஸ்பீச் தெரபி வாரம் இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், குழந்தை விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் அம்மாவிடமும் பாட்டியிடமும்தான் கழிகிறது. அந்த முக்கால் மணி நேரத்துக்காகக் கமுதியிலிருந்து மதுரைக்கோ, செங்கத்திலிருந்து வேலூருக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஹாரன் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையோடு அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். இத்தனை பேரின் குடும்பங்களுக்கும் நேரில் ஆள் அனுப்பிப் பயிற்சி கொடுக்கும் அளவுக்குத் தெரபிஸ்டுகள் இல்லை. வசதியான நாடுகளிலேயே காத்திருப்போர் பட்டியல் நீளம். பெற்றோருக்கே கற்றுக்கொடுப்போம், அதையும் இணையம் வழியாகக் கற்றுக்கொடுப்போம் என்ற யோசனைக்கு இந்தப் பற்றாக்குறைதான் வேகம் கொடுத்தது. ஆனால் ‘ஆன்லைன் பயிற்சி’ என்ற ஒரே பெயரில் இன்று இரண்டு வேறு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்றில், பெற்றோர் திரையைப் பார்க்கிறார்கள். இன்னொன்றில், பெற்றோரும் குழந்தையும் சேர்ந்திருப்பதைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார். ஆராய்ச்சி முடிவுகளைச் சேர்த்துவைத்துப் படிக்கும்போது, குழந்தைவரை போய்ச் சேரும் பலன் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. காசு வாங்குகிற விளம்பரங்களில் அதிகம் தென்படுவது முதலாவது.

பெற்றோரைப் பயிற்சியாளர்களாகப் பார்ப்பதற்கே மருத்துவ உலகம் நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியான ஒரு நிலையாக வரையறுக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் பழி தாயின் தலையில் விழுந்தது. பாசமில்லாத ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’தான் காரணம் என்று நம்பினார்கள், புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி அந்தக் கருத்தைப் பரப்பினார். அதற்கு முன்பே இந்தக் கருத்தை ஆதாரங்களோடு மறுத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. 1964இல் வெளிவந்த அவருடைய நூல், ஆட்டிசத்தின் வேர் உடலியலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று வாதிட்டது. வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். பெற்றோரைச் சிகிச்சையில் கூட்டாளிகளாக்கலாம் என்று அவரும் ராபர்ட் ரைக்லரும் 1971இல் எழுதினார்கள். 1973இல் ஐவார் லோவாஸ் குழு வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தீவிரப் பயிற்சி பெற்ற குழந்தைகளுள், காப்பகத்துக்குத் திரும்பியவர்கள் கற்றதை இழந்துவிட்டார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் போனவர்கள் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

‘நீ சரியா வளர்க்கல’ என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. உறவினர் சொல்கிறார், பக்கத்து வீட்டார் சொல்கிறார். ‘எந்நேரமும் போன் குடுத்தா இப்படித்தான்’ என்பது இப்போது அதன் புது வடிவம். பயிற்சிக்கு வரும் தாய் இந்தக் குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டுதான் வருகிறார். ‘நீங்கள் செய்வது தவறு’ என்று தொடங்கும் எந்தப் பாடமும் அந்தச் சுமையைக் கூட்டிவிடும். நல்ல பயிற்சித் திட்டங்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன.

அப்படி ஒரு திட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பிரிட்டனில் ஜொனாதன் கிரீன் தலைமையிலான குழு உருவாக்கிய ‘பாக்ட்’ முறை இது. தாயும் குழந்தையும் பத்து நிமிடம் போல விளையாடுவதை வீடியோ எடுக்கிறார்கள். பிறகு தாயும் பயிற்சியாளரும் அதைச் சேர்ந்து பார்க்கிறார்கள்.

நம் வீடு ஒன்றில் அது எப்படி இருக்கும்? மூன்று வயதுப் பையன் தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். அம்மா எதிரே உட்கார்ந்து, “இது என்ன? மூடி. சொல்லு, மூடி. என்ன கலர்? அம்மாவைப் பாரு. சொல்லுடா தங்கம்” என்று விடாமல் கேட்கிறார். பையன் முதுகைத் திருப்பிக்கொள்கிறான். அம்மா பந்தை எடுத்துக் காட்டுகிறார், பொம்மையை எடுத்துக் காட்டுகிறார். அவன் மூடியை விடவில்லை. மூன்றாவது நிமிடத்தில் அம்மா சலித்துப்போய்ப் பேச்சை நிறுத்துகிறார். மூடி சுழன்று விழுகிறது. பையன் தலையைத் தூக்கி ஒரு கணம் அம்மாவைப் பார்க்கிறான், மறுபடி குனிந்துகொள்கிறான்.

பயிற்சியாளர் வீடியோவை நிறுத்துவது அந்தக் கணத்தில். “இங்க என்ன நடந்துச்சு, பாத்தீங்களா?” என்று கேட்கிறார். இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்கும்போதுதான் அம்மாவுக்கு அது தெரிகிறது. தான் பேசாமல் இருந்தபோது பிள்ளை தன்னைத் தேடியிருக்கிறான். அடுத்த வாரத்துக்கான வேலை அங்கிருந்து பிறக்கிறது: கேள்வியைக் குறைப்பது, அவன் எதைப் பார்க்கிறானோ அதையே தானும் பார்ப்பது, மூடி விழுந்ததும் “விழுந்துடுச்சு!” என்று ஒரே சொல் சொல்லிவிட்டுக் காத்திருப்பது. குறை சொல்ல ஆயிரம் இடம் இருக்கும் ஒரு வீடியோவில், நன்றாக நடந்த ஒரு கணத்தைத் தேடி எடுத்து அதைத் தாயின் கையிலேயே கொடுப்பதுதான் இந்த முறையின் உயிர். பிள்ளையிடம் காத்திருக்கச் சொல்லும் பாடத்தை எந்தக் காணொளியும் கொடுக்கலாம். இந்தப் பிள்ளையிடம், இந்த இடத்தில், இவ்வளவு நேரம் என்று காட்டுவதற்குப் பார்க்கிற ஒரு கண் வேண்டும்.

இந்த முறையின் முடிவுகள் 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. 152 குழந்தைகள் சேர்ந்த அந்த ஆய்வில் பெற்றோரின் அணுகுமுறை தெளிவாக மாறியது; ஆட்டிசத்தின் அறிகுறிகளில் பெரிய மாற்றம் தென்படவில்லை. அத்தோடு விட்டிருந்தால் ‘பயனில்லை’ என்று கோப்பை மூடியிருப்பார்கள். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைத் தேடிப்போய் மறுபடி சோதித்தார்கள். 2016இல் வெளியான அந்த முடிவில், பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் அறிகுறிகளின் தீவிரம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்திருந்தது. மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம் என்று சொல்கிறவர்களிடம் இந்த ஆறு ஆண்டுக் கணக்கைக் காட்ட வேண்டும்.

அதே 2016இல், இந்த முறையை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சோதித்த ஆய்வும் வெளிவந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் டாக்டர்களோ ஸ்பீச் தெரபிஸ்டுகளோ அல்லர். அதற்கென்று பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். இரண்டு முதல் ஒன்பது வயதுவரை உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்கள் சேர்ந்தன. தாய் குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்ந்து பதில் கொடுப்பது கூடியது. குழந்தை தானாகத் தாயிடம் பேச்சையோ சைகையையோ தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனம் வைத்திருக்கும் நேரம் மட்டும் எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நமக்கு இந்த ஆய்வு ஏன் முக்கியம் என்றால், அந்தப் ‘பார்க்கிற கண்’ பெரிய பட்டம் பெற்றவருடையதாக இருக்க வேண்டியதில்லை என்பதை நம் பக்கத்து ஊர்களிலேயே அது காட்டியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் ‘நம்பிக்கை நிலைய’த்தில் பெற்றோர் குழந்தையோடு வந்து தங்கிப் பயிற்சி பெறும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைக் கொண்டு அங்குள்ள மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் விரிவுரை. இன்னொரு பிரிவுக்கு அதே பத்து வாரம் கேள்வியும் பதிலும் கலந்த குழுப் பேச்சு. குழந்தையைப் பற்றிய பெற்றோரின் மனப்பான்மை இரண்டாவது பிரிவில்தான் கூடுதலாக மேம்பட்டது. இணையம் வீட்டுக்கு வராத காலத்து ஆய்வு அது. ஆனாலும் இன்றைய ஆன்லைன் வகுப்புகளைப் பற்றிய தீர்ப்பு அதில் முன்கூட்டியே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. புதுச்சேரி ஜிப்மரில் பன்னிரண்டு வாரத்துக்குள் ஐந்தே அமர்வுகளில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் 2019இல் வந்தது. புறநோயாளிப் பிரிவின் நெருக்கடியிலும் இது நடக்கக்கூடியது என்பது அதன் செய்தி.

இனி இணையத்துக்கு வருவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ‘மைண்ட்’ நிறுவனம் ‘அடெப்ட்’ என்ற பெயரில் பத்துப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. பெற்றோர் தங்கள் வசதிப்படி பார்த்து, கேள்விகளுக்கு விடையளித்துக்கொண்டே போகலாம். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பது, தேவையான அளவு மட்டும் உதவுவது, உதவியை மெல்ல விலக்குவது போன்றவை இத்தகைய பாடங்களின் அடிப்படை. பல நாள் போராடியும் பிள்ளை டிரவுசர் போடக் கற்கவில்லை என்றால், கடைசிப் படியிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். இரண்டு காலையும் நாமே நுழைத்து, இடுப்புக்குக் கொஞ்சம் கீழேவரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவது. ‘நானே போட்டேன்’ என்ற வெற்றி ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கிடைக்கிறது. அது பழகியதும் முழங்காலிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. இந்த மாதிரியான அறிவைத் தனியாக உட்கார்ந்தும் கற்கலாம், கற்பது நல்லது. பதிவு செய்த பாடங்களுக்கு மதிப்பில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

மதிப்பு எங்கே முடிகிறது என்பதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூக் இங்கர்சால் குழு சோதித்தது. ஒரே இணையப் பாடம். பாதிக் குடும்பங்கள் தாங்களாகவே படித்தன. மறுபாதிக்கு அதோடு வீடியோ அழைப்பில் ஒரு பயிற்சியாளரும் இருந்தார். முப்பதுக்கும் குறைவான குடும்பங்களே கொண்ட சிறிய ஆய்வுதான், 2016இல் வந்தது. இரண்டு பிரிவுப் பெற்றோரும் கற்றுக்கொண்டார்கள். பயிற்சியாளர் துணையிருந்தவர்கள் கற்றதைச் சரியாகச் செய்வதில் முந்தினார்கள்.

தகவலுக்கும் பயிற்சிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பெரிய அளவில் அளந்தது 2015இல் ‘ஜாமா’ இதழில் வந்த நேரடிப் பயிற்சி ஆய்வு. அடம், அடித்தல், பொருளை வீசுதல் போன்ற நடத்தைகள் உள்ள 180 குழந்தைகள். ஒரு பிரிவுப் பெற்றோருக்கு ஆட்டிசத்தைப் பற்றிய விளக்கம் மட்டும். மற்றவர்களுக்கு நடத்தையைக் கையாளும் பயிற்சி. 24 வாரம் கழித்துப் பெற்றோர் போட்ட மதிப்பெண்படி, எரிச்சல் நடத்தை பயிற்சிப் பிரிவில் 47.7 சதவீதமும் விளக்கப் பிரிவில் 31.8 சதவீதமும் குறைந்திருந்தது. யார் எந்தப் பிரிவு என்று தெரியாத மருத்துவர்களின் மதிப்பீட்டில் இடைவெளி இன்னும் பெரிது: பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 68 பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம், மற்றதில் ஏறக்குறைய நாற்பது பேர்.

திரை வழியாகவே முழுப் பயிற்சியும் கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு அயோவா பல்கலைக்கழக ஆய்வு பதில் சொன்னது. 107 குழந்தைகள், மூன்று வழிகள்: பயிற்சியாளர் வீட்டுக்கே போவது, பக்கத்து ஊர் கிளினிக்கில் திரை வழியாகச் சொல்லிக்கொடுப்பது, வீட்டிலேயே திரை வழியாகச் சொல்லிக்கொடுப்பது. 2016இல் வந்த முடிவின்படி மூன்றிலுமே தொந்தரவான நடத்தை சராசரியாகத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. செலவு திரைவழியில் குறைவு. அங்கே நடந்தது இதுதான்: பிள்ளை தலையை முட்டிக்கொள்கிறான் என்றால், அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது, வேலையிலிருந்து தப்பிக்க முட்டிக்கொள்கிறான் என்று தெரிந்தால், ‘போதும்’ என்பதைச் சொல்லாலோ கைச்சாடையாலோ படத்தாலோ கேட்கக் கற்றுக்கொடுப்பது. இதையெல்லாம் செய்தவர்கள் பெற்றோரே. கேமராவின் அந்தப் பக்கம் இருந்தவர் அந்த நேரத்திலேயே பார்த்து வழிகாட்டினார்.

எல்லா முடிவுகளும் இப்படி இனிப்பாக இல்லை. சாலி ராஜர்ஸ் குழு 98 மழலைகளை வைத்துப் பன்னிரண்டு வாரம் பெற்றோருக்கு நேரில் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. 2012இல் வந்த முடிவில், ஊரில் கிடைக்கும் வழக்கமான சேவைகளைப் பெற்ற குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2013இல் காக்ரேன் குழு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோர் குழந்தை உறவாடலில் முன்னேற்றம் உறுதியாகத் தெரிந்தது. மொழியிலும் அன்றாடத் திறன்களிலும் சான்று போதவில்லை. பெற்றோர் பயிற்சி என்பது தெரபி சேவைகளுக்கு மாற்று அல்ல. அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம், இனி தெரபிஸ்ட் எதற்கு என்று எந்த அரசாவது எண்ணினால் அது அநியாயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியும் இந்த இடத்தில் கவனத்துக்கு உரியது. இரண்டு முதல் ஒன்பது வயதுவரை வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கானது. ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது. 2022இல் இதன் இணைய வடிவத்தையும் இலவசமாக வெளியிட்டார்கள். விளையாட்டும் வீட்டு வேலையும் பாடங்களாக இருப்பதோடு, பராமரிக்கிறவரின் மனநலமும் ஒரு பாடமாக இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். நேரடி வடிவத்தில் வீட்டு வருகைகளை விடாமல் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

‘பெற்றோர்’ என்று எழுதிக்கொண்டே வந்தாலும், நம் ஊரில் அது பெரும்பாலும் தாய் ஒருவர்தான். சமையல் அவர், பள்ளிக்கு ஓடுவது அவர், மாமியாரின் பேச்சைக் கேட்பது அவர், இப்போது பயிற்சியும் அவர். அவர் கையில் போன் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம். ஸ்மார்ட்போன் வீட்டில் ஒன்றுதான், அது கணவரோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால், காலை பதினொரு மணி வகுப்பு அந்தத் தாய்க்கு இல்லை. வகுப்பை இரவு எட்டரைக்கு வைத்து, அப்பாவையும் பாட்டியையும் சேர்த்து உட்கார வைக்கலாம். பாட்டி கதை சொல்லத் தெரிந்தவர்; அவர் பொறுமையும் காத்திருப்பும் பல திட்டங்களுக்கு வேண்டிய மூலப்பொருள்.

இந்தப் பயிற்சிகளைப் பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுப்பும் ஒரு கேள்வியையும் தள்ளிவிடக் கூடாது. 1993இல் டொரண்டோவில் நடந்த மாநாட்டில், ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் பெற்றோரை நோக்கிப் பேசினார்: எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். பிள்ளையை ‘மற்ற பிள்ளைகள் மாதிரி’ ஆக்குவதே குறிக்கோளாக இருக்கும் பாடங்களை அந்த உரையின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகவாயைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைப்பது, கையை ஆட்டினால் தட்டுவது, இவற்றைச் சொல்லித்தரும் வகுப்பு எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் வேண்டாம். ‘ஆட்டிசத்தை முழுவதும் குணப்படுத்துகிறோம்’ என்று சொல்லி ஸ்டெம் செல் ஊசிக்கு ஆள் பிடிக்கும் இணையக் கூட்டங்களும் வேண்டாம். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது.

பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை நடத்த நமக்குப் புதிதாகக் கட்டடம் தேவையில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மையத்திலும் இரண்டு மூன்று பணியாளர்களுக்கு வீடியோவைப் பார்த்துப் பேசும் பயிற்சியைக் கொடுக்கலாம். கிராமத்துத் தாய் வாரம் ஒருமுறை பத்து நிமிட விளையாட்டைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ள, பணியாளர் அழைப்பில் வந்து அவரோடு சேர்ந்து அதைப் பார்க்கலாம். வீடியோ யார் கையில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அழும் குழந்தையின் படம் வாட்ஸப் குழுவில் சுற்றுவதை எந்தத் தாயும் ஏற்க மாட்டார். பாடம் தமிழில் இருக்க வேண்டும் என்பதோடு, அதில் வரும் வீடும் நம் வீடாக இருக்க வேண்டும். தோசைக்கு மாவு ஊற்றும்போதும், துணி மடிக்கும்போதும், அரிசி அளக்கும்போதும் பேச்சைக் கற்றுக்கொடுக்கலாம். அதற்குத் தனி அறையும் விலையுயர்ந்த பொம்மையும் வேண்டாம்.

பணம் கட்டி ஆன்லைன் வகுப்பில் சேர நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழ் உண்டா, எத்தனை மணி நேர வீடியோ என்று கேட்பதற்கு முன்னால், “நானும் என் பிள்ளையும் சேர்ந்து இருக்கிறதை யாராவது பாத்துச் சொல்வீங்களா? எத்தனை தடவை?” என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அதே பாடங்கள் இலவசமாகவே கிடைக்கும்.